வெங்கச்சங்கல் பூமியின் மணிக்காரர்கள்

கொங்கு நாட்டில் மானாவாரிக் காட்டை உழுதவர்கள் யாருக்கும் வெங்கச்சங்கல் புதிதல்ல. கோடை உழவு முடிந்து முதல் மழை மண்ணைக் கழுவிவிட்டால், செம்மண்ணுக்கு மேலே வெள்ளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும். கொழுவில் பட்டுத் தெறிக்கும். வெறுங்காலோடு நடந்தால் கிழித்துவிடும். கூடை கூடையாகப் பொறுக்கி வரப்போரம் கொட்டினாலும் அடுத்த உழவுக்கு மறுபடி மேலே வந்து கிடக்கும். இருட்டில் இரண்டு கல்லை எடுத்து அழுத்தி உரசினால் உள்ளே ஒரு வெளிச்சம் மினுங்கி மறையும். கிராமத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது. பாடநூல்கள் குவார்ட்ஸ் என்று எழுதும் கனிமம் இதுதான். பால் வெள்ளையாகக் கிடந்தால் வெங்கச்சங்கல். கண்ணாடிபோல் தெளிந்திருந்தால் படிகம். ஊதா நிறம் ஏறியிருந்தால் செவ்வந்திக்கல்.

உழவனுக்குத் தொல்லையான இந்தக் கல்லை வைத்து, 2,000 ஆண்டுகளுக்கு முன் நொய்யல் கரையில் ஓர் ஊர் செழித்தது.

அந்த ஊர் கொடுமணல். ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் செல்வக் கடுங்கோ வாழியாதனைப் பாடிய கபிலரும், பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய அரிசில்கிழாரும் அருங்கலங்களுக்குப் பேர்போன ஊராக இதைக் கொடுமணம் என்ற பெயரில் குறிப்பிடுகிறார்கள். புலவர்கள் மிகைப்படுத்தவில்லை என்பதை மண்ணே பின்னர் காட்டிக்கொடுத்தது. 1980களின் நடுவில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் எ. சுப்பராயலு, கா. ராஜன் உள்ளிட்டோர் இங்கே அகழாய்வைத் தொடங்கினார்கள். பிறகு 2012 வாக்கில் ராஜன் தலைமையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தோண்டியது. அதற்கும் பிறகு மாநிலத் தொல்லியல் துறை வந்தது. ஒவ்வொரு முறையும் இரும்பு உருக்கிய உலைகள், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், சங்கு வளையல் துண்டுகள் இவற்றோடு கற்களும் வந்துகொண்டே இருந்தன. படிகம், செவ்வந்திக்கல், பெரில், நீலக்கல், சூதுபவளம், அகேட், ஜாஸ்பர் என்று பலவகைக் கற்கள். கரிமக் கணிப்புகள் இந்த வாழ்விடத்தைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோகின்றன.

கொடுமணலில் கிடைத்த கற்களில் ஆய்வாளர்களுக்கு மிகவும் பயன்பட்டவை அழகான மணிகள் அல்ல. உடைசல்கள்தான். கொத்தும்போது சிதறிய சில்லுகள், பாதி தேய்த்துக் கைவிட்ட உருண்டைகள், துளையிடும்போது பிளந்துபோன மணிகள், இன்னும் கை வைக்கப்படாத மூலக்கற்கள். செய்து முடித்த ஒரு மணி கழுத்தில் ஏறி ஆயிரம் கல் தொலைவு பயணம் போகும். எங்கே பிறந்தது என்று அதனிடமிருந்து தெரிந்துகொள்வது கடினம். சில்லுக்கு அந்தப் பயணம் இல்லை. அது பட்டறையின் தரையிலேயே மிதிபட்டுப் புதைகிறது. மூலக்கல்லிலிருந்து மெருகேறிய மணி வரை எல்லாப் படிநிலைகளும் ஒரே இடத்தில் கிடைத்தால், அங்கே தொழில் நடந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கொடுமணலுக்கு அந்தச் சாட்சி ஏராளமாக இருக்கிறது.

தொழில் ஏன் இந்த இடத்தில் வேர்விட்டது என்பதற்கான விடையில் ஒரு பங்கு மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

குவார்ட்ஸ் என்பது சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்கா என்ற பொருள். பூமியின் மேலோட்டில் மிக அதிகமாக உள்ள இரு தனிமங்களும் இவையே. அதனால் குவார்ட்ஸ் எங்கும் கிடைக்கிறது. கடற்கரை மணலில் பெரும்பகுதி அதுதான். ஆனால் கையில் எடுத்துப் பட்டை தீட்டக்கூடிய பெரிய, தெளிந்த படிகம் வளர வேண்டுமானால் இடமும் நீரும் காலமும் கூடிவர வேண்டும். ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பு குளிர்ந்து கிரானைட்டாக இறுகும்போது எல்லாம் ஒரே நேரத்தில் இறுகுவதில்லை. கடைசியில் கொஞ்சம் குழம்பு எஞ்சி நிற்கும். அதில் நீர் மிகுந்திருக்கும். சிலிக்காவும், மற்ற கனிமங்களில் இடம் கிடைக்காத பெரிலியம் போன்ற அரிய தனிமங்களும் அதில் சேர்ந்திருக்கும். அந்த எச்சம் சுற்றியுள்ள பாறைகளின் வெடிப்புகளில் புகுந்து உறையும்போது கனிமங்கள் கையளவு, சில வேளைகளில் ஆளுயரம் கூட வளரும். இதுதான் பெக்மடைட். ஓரங்களில் ஃபெல்ஸ்பாரும் காக்காப்பொன்னும் இருக்க, நடுவில் குவார்ட்ஸ் திரண்டு நிற்கும். வெற்றிடம் கிடைத்த பக்கம் ஆறு பட்டைத் தூணாக, நுனி கூர்ந்து வளரும். இன்னொரு வழியும் உண்டு. சிலிக்கா கரைந்த வெந்நீர் பாறைப் பிளவுகளில் மேலேறி வந்து, சூடு தணியத் தணியச் சுவரில் குவார்ட்ஸைப் படியவிட்டுப் போகும். காட்டில் நீளக் கோடாக ஓடும் வெள்ளைக்கல் பாறைகளில் பல அப்படி வந்தவை.

வெங்கச்சங்கல்லின் பால் வெண்மை நிறப்பொருள் எதுவும் கலந்து வந்தது அல்ல. வளரும்போது கல்லுக்குள் சிறைப்பட்ட எண்ணற்ற நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. ஊதா நிறத்துக்கு இரண்டு காரணங்கள் சேர வேண்டும். படிகத்தில் இம்மியளவு இரும்பு கலந்திருக்க வேண்டும். சுற்றியுள்ள பாறையிலிருந்து இயற்கையாக வரும் கதிரியக்கம் நெடுங்காலம் அதன்மேல் பட்டிருக்க வேண்டும். செவ்வந்திக்கல்லைச் சில நூறு டிகிரி சூட்டில் வைத்தால் ஊதா போய் மஞ்சள் வந்துவிடும்.

கரூர்–காங்கயம் வட்டாரத்தின் பழம்பாறைகளை இப்படிப்பட்ட பெக்மடைட்டுகள் ஊடறுத்துக் கிடக்கின்றன. கொங்கு நிலத்தின் பெரும்பகுதி மிகப் பழைய நைஸ் பாறை. வெயிலிலும் மழையிலும் ஃபெல்ஸ்பார் உளுத்துக் களிமண்ணாகிவிடும்; குவார்ட்ஸ் அப்படியே நிற்கும். தாய்ப்பாறை மண்ணாகிப் போக, அதற்குள் இருந்த வெள்ளைக்கல் மட்டும் நிலத்தில் தங்கிவிடுகிறது. கொடுமணலுக்கு வேண்டிய குவார்ட்ஸ் அருகிலுள்ள வெங்கமேடு, அரசம்பாளையம் பகுதிகளிலிருந்தும், பெரில் படியூரிலிருந்தும் வந்திருக்க வேண்டும் என்பது களத்தில் அலைந்து தேடிய ஆய்வாளர்களின் முடிவு.

இந்தப் பக்கத்தின் மிகப் பெரிய அதிசயம் சிவன்மலை. முருகன் கோயிலுக்குப் பேர்போன இந்த மலையைச் சுற்றியுள்ள பாறைகளைப் பற்றி டி. எச். ஹாலண்டு என்ற நிலவியலாளர் 1901இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக ஒரு தனி நூலே எழுதினார். காரணம், இங்கே உள்ள சயனைட் பாறைகளில் ஒரு வகை சிலிக்காப் பற்றாக்குறையில் பிறந்தது. சிலிக்கா போதாததால் அதில் குவார்ட்ஸ் உருவாகவே முடியவில்லை. இணை கிடைக்காத அலுமினியம் ஆக்சிஜனோடு மட்டும் சேர்ந்து குருந்தமாகப் பிரிந்தது. குருந்தத்தில் இரும்பும் டைட்டானியமும் துளி கலந்தால் அது நீலக்கல். சாதாரணச் சூழலில் குருந்தமும் குவார்ட்ஸும் ஒரே பாறையில் அருகருகே வளராது. சிலிக்கா மிச்சமிருந்தால் குருந்தம் அதோடு வினைபுரிந்து வேறு கனிமமாக மாறிவிடும்.

ஒரே பாறையில் சேராத அந்த இரண்டும் கொங்கு நாட்டில் ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் கிடைத்தன. மணிக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய வசதி! கடினத்தன்மையை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவையில் குவார்ட்ஸ் 7, பெரில் ஏழரையிலிருந்து 8, குருந்தம் 9. வைரம் மட்டுமே அதற்கு மேல். அரைபட வேண்டிய கல் ஒரு மேட்டில் கிடைத்தது. அதை அரைக்க வல்ல கல் பக்கத்து மலையில் கிடைத்தது.

கல் பொறுக்கப் போனவனுக்குக் கண் பழகியிருக்க வேண்டும். தெளிந்த படிகமும் வெளிறிய பெரிலும் இரண்டுமே ஆறு பட்டைத் தூண்கள்தான். மண் அப்பிக் கிடந்தால் ஒன்றுபோலவே தோன்றும். கழுவி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். குவார்ட்ஸ் தூணின் பட்டைகளில் குறுக்குவாட்டில் மெல்லிய கோடுகள் ஓடும். பெரிலில் அவை மேலிருந்து கீழாக, நெடுக்குவாட்டில் ஓடும். பெரிலின் விலை படிகத்தின் விலையைவிடப் பல மடங்கு என்பதால், இந்தக் கோட்டைப் படிக்கத் தெரிவதுதான் அந்தத் தொழிலின் அரிச்சுவடி.

அடுத்தது கொத்துவது. குவார்ட்ஸ் வாகான தளத்தில் பிளக்காது. சிப்பியின் உட்புறம்போல் வளைந்த முறிவோடு சில்லுச் சில்லாகத்தான் தெறிக்கும். அந்தக் கூர்மைக்காகவே மணித்தொழிலுக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே மனிதன் இதை ஆயுதமாக்கியிருந்தான். தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காடுகளிலும் இலங்கையின் குகைகளிலும் கிடைத்த நுண்கற்கருவிகளில் பல குவார்ட்ஸால் செய்தவை. கருவிக்குக் கூர்முனை வேண்டும். மணிக்கு அந்த முனைகளெல்லாம் போக வேண்டும். ஆகவே பெரிய சில்லுகளை முதலில் தெறிக்கவிட்டு, பிறகு சின்னச் சின்னத் தட்டாகத் தட்டி உருவத்தை நெருங்குவார்கள். அதன்பின் காடி விழுந்த கல்லில் வைத்துத் தேய்த்து உருட்டுவார்கள். மெருகு கொடுக்கக் குருந்தப் பொடி இருக்கவே இருந்தது.

துளையிடுவதுதான் உயிர்போகும் வேலை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நேராகத் துளைத்துக்கொண்டு போனால், வெளியேறும் இடத்தில் கல் பெயர்ந்து பாழாகும். அதனால் பாதி தூரம் இந்தப் பக்கம், பாதி தூரம் அந்தப் பக்கம் என்று இரு முனையிலிருந்தும் துளைப்பார்கள். இரண்டு துளைகளும் நடுவில் சந்திக்க வேண்டும். தெளிந்த படிக மணியில் இதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். இரு துளைகளும் மயிரிழை விலகிச் சந்தித்த இடத்தில் ஒரு சிறு படி தெரியும். அதிகம் விலகினால் மணி அங்கேயே பிளக்கும். அத்தனை நாள் உழைப்பும் குப்பைக்குப் போகும். அரிக்கமேடு போன்ற இடங்களின் மணித் துளைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்த கோரெலிக், குவின்னட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், வைர முனை பதித்த துரப்பணம் சுழன்ற தடங்களை அவற்றில் கண்டார்கள். அந்த நுட்பம் இந்தியாவிலிருந்து மேற்கே ரோம் வரை பரவியது என்பது 1988இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின் சாரம். குஜராத்தின் காம்பேயில் இன்றும் மணி துளைக்கிறவர்கள் வைர முனையைத்தான் நம்புகிறார்கள்.

காம்பேயைச் சொல்லும்போது சூதுபவளத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதுவும் குவார்ட்ஸ் குடும்பமே. ஆனால் ஆறு பட்டைத் தூணாக வளராமல், கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்கள் நெருங்கித் திரண்டது. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்துப் பரவி இறுகியபோது, அதில் வாயுக் குமிழிகள் விட்டுச்சென்ற பொந்துகளில் சிலிக்கா நீர் ஊறி ஊறி உறைந்த கல் இது. நர்மதைக்கு அருகே ரத்தன்பூர் பக்கம் தோண்டியெடுக்கும்போது பெரும்பாலும் பழுப்பாகவே இருக்கும். வெயிலில் காயவைத்து, பிறகு சாம்பலுக்குள் மெல்லச் சூடேற்றினால் உள்ளிருக்கும் இரும்பு மாறிச் சிவப்பு ஏறும். கொங்கு நாட்டில் இந்தக் கல் கிடையாது. ஆனாலும் கொடுமணலின் ஒரே கல்லறையில் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. மூலக்கல் குஜராத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று ராஜன் போன்றவர்கள் கருதுகிறார்கள். உள்ளூர்க் கல்லை நம்பித் தொடங்கிய தொழில், கைத்திறன் வளர்ந்தபின் வெளியூர்க் கல்லையும் வரவழைத்தது. வணிகக் குழுவைக் குறிக்கும் ‘நிகம’ என்ற சொல் பொறித்த பானை ஓடும் கொடுமணலில் கிடைத்திருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஊர் அமைந்த இடமும் வாகானது. மேற்குக் கடற்கரையின் முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்கும், அங்கிருந்து காவிரியோடு கீழ்க்கடலுக்கும் போகும் பெருவழியை ஒட்டி நொய்யல் ஓடுகிறது. அந்த வழி நெடுகிலும் வெள்ளலூரில், கத்தாங்கண்ணியில், கரூரில் ரோமக் காசுகள் புதையலாக அகப்பட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய கடற்பயணக் கையேடு, முசிறிப் பக்கத்திலிருந்து ஏற்றுமதியான பொருட்களில் மிளகோடும் முத்தோடும் பலவகை ஒளிபுகும் கற்களையும் சேர்க்கிறது.

அதே காலத்தில் ரோமில் பிளினி தன் இயற்கை வரலாற்று நூலின் கடைசிப் பகுதி முழுவதையும் கற்களுக்கு ஒதுக்கினார். படிகம் என்பது கடுங்குளிரில் உறைந்து இறுகிய பனி என்று அவர் நம்பினார். ஆல்ப்ஸ் மலையில் கிடைப்பதை அதற்குச் சான்றாகக் கண்டார். அதே பகுதியில், இந்தியாவிலிருந்து வரும் படிகத்தை விஞ்ச எதுவும் இல்லை என்றும் எழுதினார். பெரில் இந்தியாவைத் தவிர வேறெங்கும் அரிது என்றார். இந்தியர்கள் படிகத்துக்குச் சாயம் ஏற்றிப் பெரில் என்று விற்கிறார்கள் என்ற எச்சரிக்கையையும் விட்டுவைக்கவில்லை. எந்த ஊர்க்காரர்கள் அந்தச் சாயவேலையைச் செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் வெளிறிய படிகமும் பெரிலும் பக்கத்துப் பக்கத்து மண்ணில் கிடைக்கும் நாட்டில் அந்த யோசனை பிறக்க வெகுநேரம் ஆகியிருக்காது.

கொடுமணல்காரர்கள் எல்லா மணிகளையும் விற்றுத் தீர்த்துவிடவில்லை. ஊருக்கு அருகே விரிந்து கிடக்கும் ஈமக்காட்டில், பலகைக் கற்களை நிறுத்தி அறையாக்கி, ஒரு பலகையில் வட்டத் துளையிட்ட கல்லறைகள் இருக்கின்றன. மேலே பெரிய மூடுகல், சுற்றிலும் கல்வட்டம். உள்ளே பானைகள், இரும்பு வாள்கள், அவற்றோடு மணிகள். தங்கள் கையால் துளைத்ததை, தூரதேசத்து விலை பெறக்கூடியதை, இறந்தவரோடு மண்ணுக்குள் வைத்த மனிதர்கள் அவர்கள்.

கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு ரோமோடு நடந்த வாணிபம் தளர்ந்தது. கொடுமணலின் பட்டறைகளும் ஓய்ந்தன. கல் மட்டும் அங்கேயே இருந்தது. 1819–20இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் படியூரில் தோண்டி, 2,000க்கும் மேற்பட்ட பெரில் கற்களை எடுத்தார். பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்காலை நடத்திய அதே ஹீத்தான் இவர். கொடுமணலில் ஒன்றாக நடந்த இரும்புத் தொழிலும் கல் தொழிலும் பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரே மனிதரின் கணக்கில் மீண்டும் சேர்ந்தது இந்த வட்டாரத்தின் வரலாற்றில் மறக்கக்கூடாத செய்தி.

படிகத்துக்குக் காவிரிக் கரையில் வேறொரு வாழ்வும் கிடைத்தது. தஞ்சாவூருக்குப் பக்கத்து வல்லத்தில் கிடைத்த தெளிந்த கற்களை மெல்லிய வில்லைகளாக அறுத்துத் தேய்த்து மூக்குக்கண்ணாடி செய்தார்கள். ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களில் வல்லம் கல் தனிப்பெயரோடு வருகிறது. கண்ணாடியைவிடக் கடினமானதால் படிகவில்லையில் எளிதில் கீறல் விழாது. ஆனால் அறுக்கும் திசை தவறக்கூடாது. படிகத்தின் நெடுக்கச்சுக்குச் செங்குத்தாக அறுத்தால்தான் பிம்பம் ஒன்றாகத் தெரியும். சாய்த்து அறுத்தால் ஒளி இரண்டாகப் பிரியும். நாள் முழுவதும் கல்லோடு இருந்த கைகளுக்கு அந்தத் திசை பிடிபட்டிருந்தது. இராமேஸ்வரத்திலும் சிதம்பரத்திலும் இன்றும் ஸ்படிக லிங்கத்துக்கு அபிஷேகம் நடக்கிறது. ஸ்படிக மாலை வாங்குகிறவர்கள் கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி பார்க்கும் வழக்கத்துக்கும் அடிப்படை உண்டு. குவார்ட்ஸ் கண்ணாடியைவிட விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால் தோலுக்குச் சில்லென்று படுகிறது.

காங்கயம் வட்டாரத்தில் கல் வேலை முற்றிலும் மறைந்துவிடவில்லை. குருந்தப் பொடியையும் அரக்கையும் சேர்த்து வார்த்த சாணையில், குச்சி நுனியில் அரக்கால் ஒட்டிய கல்லை அழுத்திப் பட்டை தீட்டும் முறை தலைமுறைகளாக வந்தது. இரா. அதியமானும் கா. ராஜனும் கொங்கு நாட்டின் இந்த மரபுத் தொழில்நுட்பத்தைப் பதிவுசெய்து 2004இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அகழாய்வுக் குழியில் கிடைத்த சில்லு எந்தக் கட்டத்தில் தெறித்தது என்பதைப் புரிந்துகொள்ள உயிரோடு இருக்கும் ஒரு பட்டறை எவ்வளவு உதவும் என்பதற்கு அந்த வேலை நல்ல எடுத்துக்காட்டு.

இன்று ஒரு மணியில் கண்ணுக்குத் தெரியாத அளவு லேசரால் சுரண்டி, அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் கலந்திருக்கும் தனிமங்களைக்கூட எண்ணிவிட முடிகிறது. செங்கடல் கரையில் எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில் இந்தியக் கல்மணிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் படிகமும் செவ்வந்திக்கல்லும் எந்த மேட்டிலிருந்து போயின என்று சொல்ல வேண்டுமானால், ஒப்பிட்டுப் பார்க்கப் பிறந்த இடத்துக் கல் வேண்டும். வெங்கமேட்டிலும் அரசம்பாளையத்திலும் படியூரிலும் அந்தக் கல் இன்னும் இருக்கிறது. ஆனால் காடுகள் மனைகளாகின்றன; குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் லாரி லாரியாகப் போகின்றன; ஈமக்காடுகளின் பலகைக் கற்கள் பெயர்கின்றன. ஒவ்வொரு மேட்டிலிருந்தும் நாலைந்து கிலோ கல்லை, எடுத்த இடத்தின் குறிப்போடு, ஈரோட்டு அரசு அருங்காட்சியகம் போன்ற ஓரிடத்தில் சேர்த்து வைத்தால் போதும். கொடுமணல் குழிகளிலிருந்து வந்த உடைசல்களும் மூட்டைக்குள் முடங்காமல் அவற்றின் பக்கத்திலேயே வைக்கப்பட வேண்டும். பெரெனிகேயில் கிடைத்த மணியை ஆராய்கிறவர் நாளை ஒரு நாள் கடிதம் எழுதிக் கேட்டால், எடுத்துக் கொடுக்க நம்மிடம் ஒரு துண்டாவது இருக்கும்.